முதலில் கையேடு, பிறகு அலமாரி: பணியிட உடை விதிகள் குறித்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலைக்கான உத்தரவு கைக்கு வந்ததும் பெரும்பாலோர் செய்கிற முதல் காரியம் புதுத்துணி எடுப்பது. அதைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள். ஆசையாக வாங்கிய பளபளக்கும் தோல் காலணியைக் கிடங்கின் வாசலிலேயே கழற்றச் சொல்வார்கள். முழுக்கைச் சட்டையோ நோயாளிகள் பிரிவில் நாள் முழுவதும் முழங்கைக்கு மேல் மடித்தே கிடக்கும். இதெல்லாம் முதல் நாளில் தெரியவந்தால் பணம் போனது போனதுதான். விதி என்ன, அது எதற்காக இருக்கிறது என்ற இரண்டையும் தெரிந்துகொண்ட பிறகு கடைக்குப் போகலாம்.

1. விதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்

உடை, தோற்றம் பற்றிய விதிகள் ஒரே இடத்தில் இருப்பது அபூர்வம். பணியாளர் கையேட்டில் ஒரு பக்கம், பணி ஒப்பந்தத்தில் ஒரு வரி, பாதுகாப்புப் பிரிவின் சுற்றறிக்கையில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கும். மீதி மேற்பார்வையாளரின் வாயில் இருக்கும். எனவே சேரும் நாளுக்கு ஒரு வாரம் முன்பாகவே மனிதவளத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். சீருடை உண்டா, எத்தனை செட் தருவார்கள், காலணி யார் பொறுப்பு, உடை மாற்ற அறையும் பூட்டும் அலமாரியும் இருக்கின்றனவா, பயிற்சி நாட்களில் என்ன உடுத்தி வர வேண்டும் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். சீருடை பெரும்பாலும் முதல் நாளே கைக்கு வராது. அது வரும்வரை சொந்தத் துணியில்தான் போயாக வேண்டும். அதற்கும் ஒரு விதி இருக்கும்.

வெளியே தெரியும் இடத்தில் பச்சை குத்தியிருந்தாலும், மூக்கிலோ புருவத்திலோ அணிகலன் இருந்தாலும், தாடி வைத்திருந்தாலும் இப்போதே கேட்டுவிடுவது நல்லது. முன்பு அங்கே வேலை பார்த்த நண்பர் சொல்வதை முழுவதும் நம்பாதீர்கள். இந்த விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. பல பத்தாண்டுகள் ஊழியர்களுக்குத் தாடியை மறுத்துவந்த டிஸ்னி பூங்காக்கள் 2012இல் அதை அனுமதித்தன. வெளியே தெரியும் பச்சைக் குத்தல்களை 2021இல் அனுமதித்தன. பொதிகளை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்க்கும் யுபிஎஸ் (UPS) நிறுவனம் ஓட்டுநர்களின் தாடிக்கு இருந்த தடையை 2020இல்தான் நீக்கியது.

கையேட்டைப் பிரித்தால் இரண்டு வகை வாக்கியங்களைக் காண்பீர்கள். ‘நகம் விரல்நுனியைத் தாண்டக் கூடாது’ என்பது ஒரு வகை. கையை நீட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ‘தோற்றம் நேர்த்தியாக இருக்க வேண்டும்’ என்பது இன்னொரு வகை. அதில் அளந்து பார்க்க ஒன்றுமில்லை. தகராறுகளில் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகையிலிருந்துதான் கிளம்புகிறது.

அதற்காக எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டால் தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. சுவிட்சர்லாந்தின் யுபிஎஸ் (UBS) வங்கி 2010இல் நாற்பதுக்கும் மேற்பட்ட பக்கங்களில் ஓர் உடைக் கையேட்டை வெளியிட்டது. உள்ளாடையின் நிறம் வரை அதில் அறிவுரை இருந்தது. ஊர் சிரித்தது, அடுத்த ஆண்டே அதைத் திருத்தப்போவதாக வங்கி அறிவித்தது. இதற்கு நேர்மாறானது ஜெனரல் மோட்டார்ஸ் கதை. அங்கே மனிதவளப் பிரிவின் தலைமைப் பொறுப்பில் இருந்தபோது மேரி பாரா, பத்துப் பக்க உடை விதியை எடுத்துவிட்டு ‘பொருத்தமாக உடுத்துங்கள்’ என்ற அளவில் சுருக்கினார். உடனே ஒரு மேலாளர் புகார் அனுப்பினார்: தன் பிரிவில் சிலர் திடீரென்று அரசு அதிகாரிகளைச் சந்திக்கப் போக வேண்டியிருக்கும், ஜீன்ஸோடு எப்படிப் போவார்கள்? அந்தப் பிரிவினர் உட்கார்ந்து பேசி, சம்பந்தப்பட்டவர்கள் ஒரு நல்ல கால்சட்டையை அலுவலக அலமாரியிலேயே வைத்துக்கொள்வது என்று முடிவுசெய்தார்கள். மேலிடத்துக்குப் போகாமலே பிரச்சினை தீர்ந்தது. மாற்று உடை ஒன்றை வேலையிடத்தில் வைத்திருப்பது எந்தத் தொழிலுக்கும் உதவும். மழையில் நனைந்தாலும், சட்டையில் ஏதாவது கொட்டினாலும் அது கைகொடுக்கும்.

2. ஒவ்வொரு விதியின் பக்கத்திலும் அதன் காரணத்தை எழுதுங்கள்

பென்சிலை எடுத்துக்கொண்டு இதைச் செய்தே பாருங்கள். காரணங்கள் நான்கில் அடங்கிவிடும்: உயிருக்கும் உடலுக்கும் பாதுகாப்பு, பிறருக்கு நோய் பரவாமல் தடுக்கும் சுகாதாரம், யார் ஊழியர் என்று காட்டும் அடையாளம், நிறுவனம் வெளியே காட்ட விரும்பும் தோற்றம். முதல் இரண்டில் பேரம் பேச இடமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னிரண்டில் கேட்டுப் பெற இடமுண்டு.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2013 ஜனவரியில் அளித்த ஒரு தீர்ப்பு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. இரண்டு பெண்கள், இருவரும் கழுத்துச் சங்கிலியில் சிறு சிலுவை அணிந்தவர்கள், இருவரையும் வெளியே தெரியாமல் அணியவோ கழற்றவோ நிர்வாகம் சொன்னது. ஒருவர் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமான நிறுவனத்தின் பயணிகள் பதிவு முகப்பில் பணியாற்றிய நாடியா எவெய்டா. மற்றவர் மருத்துவமனைச் செவிலியரான ஷெர்லி சாப்லின். எவெய்டாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. நிறுவனத்தின் தோற்றம் என்ற காரணத்துக்கு அளவுக்கு மீறி எடை கொடுக்கப்பட்டுவிட்டது என்று நீதிமன்றம் கருதியது. சாப்லின் தோற்றார். நோயாளி சங்கிலியைப் பிடித்து இழுத்தாலோ, அது திறந்த புண்ணில் பட்டாலோ என்னாகும் என்ற மருத்துவமனையின் காரணத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அணிகலன் ஒன்றேதான், விதியின் பின்னால் நின்ற காரணம் வேறு.

3. பாதுகாப்பு விதிகள்: கேள்வி கேட்கலாம், மீறக் கூடாது

சுழலும் இயந்திரத்தின் அருகே நிற்கும் வேலை என்றால் தொங்குவது எதுவும் உடலில் இருக்கக் கூடாது. டை, துப்பட்டா, கழுத்துச் சால்வை, பட்டன் போடாத கைமுனை, பின்னாமல் விட்ட கூந்தல், தொப்பிக் கயிறு எல்லாம் இதில் அடங்கும். லேத், துளையிடும் இயந்திரம் போன்றவற்றில் கையுறை அணியக் கூடாது என்ற விதியைப் பார்த்துப் புதியவர்கள் திகைப்பார்கள். கையைக் காப்பதற்குத்தானே கையுறை? சுழலும் தண்டு கையுறையின் நுனியைப் பற்றிவிட்டால், விரலோடு சேர்த்துக் கையையே உள்ளே இழுத்துக்கொள்ளும். உலோகத் துண்டைத் தூக்கும்போது கையுறை வேண்டும். இயந்திரத்தை ஓட்டும்போது வேண்டாம். மோதிரமும் அப்படித்தான். கம்பியிலோ கொக்கியிலோ மோதிரம் மாட்டிக்கொண்டு உடல் எடை முழுவதும் அதில் இறங்கினால், விரலின் தோலும் தசையும் உரிந்து வந்துவிடும். கழற்றி அலமாரியில் வையுங்கள்.

கழுத்தில் மாட்டும் அடையாள அட்டையின் பட்டையை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பின்கழுத்துப் பக்கம் உள்ள பிடிப்பு தானாகக் கழன்றுகொள்ள வேண்டும். கழலாவிட்டால் வேறு பட்டை கேளுங்கள், அல்லது சட்டைப் பையில் குத்திக்கொள்ளும் வகை அட்டையை வாங்கிக்கொள்ளுங்கள்.

மின்சாரம், பற்றவைப்பு, உலை வேலைகளில் துணியின் இழையே முக்கியம். பாலியஸ்டர், நைலான் போன்ற செயற்கை இழைகள் கடும் வெப்பத்தில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி உருகாது, ஆனால் தீப்பிடிக்கும். அதனால் அந்த வேலைகளுக்குத் தீத்தடுப்பு உடையைத் தருவார்கள். நிறுவனம் தரும் மேலுடையைப் போட்டுக்கொண்டு உள்ளே நைலான் பனியன் அணிந்தால் பாதி பாதுகாப்பு போயிற்று. உள்ளாடையின் லேபிளையும் படியுங்கள்.

சேஃப்டி ஷூ வாங்கும்போது விரல் மூடி மட்டும் போதாது. தர முத்திரை பெற்ற காலணியின் முனை 200 ஜூல் மோதலைத் தாங்க வேண்டும்; சுமார் 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். எண்ணெய்த் தளத்தில் வழுக்காத அடிப்பகுதியா, ஆணி குத்தாத தகடு உண்டா என்பதும் வேலைக்கேற்பப் பார்க்க வேண்டியவை. கனமான ஒன்று விழுந்து முனை ஒருமுறை அடிவாங்கிவிட்டால், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் காலணியை மாற்றிவிட வேண்டும். சாலையோரத்திலும் வாகனங்கள் நடமாடும் முற்றத்திலும் அணியும் பளிச்சிடும் மஞ்சள், ஆரஞ்சு மேலங்கிக்கும் ஆயுள் உண்டு. எத்தனை முறை துவைக்கலாம் என்று பலவற்றின் லேபிளிலேயே அச்சிட்டிருப்பார்கள். ஒளியைத் திருப்பும் பட்டை தேய்ந்துபோன மேலங்கி இருட்டில் சாதாரணத் துணிதான்.

தாடி பற்றி ஒரு வார்த்தை. முகத்தோடு இறுக்கிப் பொருந்தும் சுவாசக் கவசம் அணிய வேண்டிய வேலைகளில், கவசத்தின் விளிம்பு படும் இடத்தில் முடி இருக்கக் கூடாது என்பது பல நாடுகளில் சட்டம். ஓரிரு நாள் வளர்ந்த முள்முடி கூடத் தூசுக்கும் நச்சுக் காற்றுக்கும் வழிவிட்டுவிடும். சமய நம்பிக்கை காரணமாகவோ தோல் நோய் காரணமாகவோ சவரம் செய்ய முடியாதவர்களுக்கு, முகத்தில் இறுகாமல் தலையை முழுவதும் மூடி உள்ளே காற்றைச் செலுத்தும் தலைக்கவச வகை இருக்கிறது. அது வேண்டும் என்று கேளுங்கள். ‘தாடி வைத்தால் வேலை இல்லை’ என்பதற்கும் ‘தாடி வைத்தால் இந்தக் கவசம் பொருந்தாது’ என்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

மின்னணுப் பலகைகள் செய்யும் இடத்தில் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டி, அதைத் தரையிணைப்போடு இணைப்பார்கள். உடலில் சேரும் நிலைமின்சாரம் ஏறத்தாழ 3000 வோல்ட்டைத் தொட்டால்தான் நம் விரலுக்குச் சுரீர் என்று தெரியும். சில மின்னணுப் பாகங்கள் 100 வோல்ட்டுக்குக் குறைவிலேயே கெட்டுவிடும். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லையே என்று பட்டையைக் கழற்றி வைப்பதில் அர்த்தமில்லை.

4. சுகாதார விதிகள்

மருத்துவம், உணவுத் தயாரிப்பு, மருந்துத் தொழிற்சாலை இம்மூன்றிலும் கைதான் முதல் கவனம். நோயாளிகளைத் தொட்டுப் பணிபுரிவோரின் நகம் அரை சென்டிமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும், ஒட்டு நகம் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டு கைத்தூய்மை வழிகாட்டுதல் சொல்கிறது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் 2008 முதல் ‘முழங்கைக்குக் கீழே ஒன்றும் இல்லை’ என்ற விதி நடைமுறைக்கு வந்தது. நீளக்கை, கைக்கடிகாரம், வளையல் எதுவும் இல்லாவிட்டால்தான் மணிக்கட்டு வரை ஒழுங்காகக் கழுவ முடியும் என்பது அதன் பின்னால் உள்ள எளிய காரணம்.

உணவுக் கூடங்களில் தலைவலை காதையும் சேர்த்து மூட வேண்டும். தாடிக்கும் தனி வலை உண்டு. கையில் வெட்டுக்காயம் பட்டால் நீல நிற பிளாஸ்டர் தருவார்கள். நீலம் உணவில் அரிதான நிறம், விழுந்தால் கண்ணில் படும். பல பிளாஸ்டர்களுக்குள் மெல்லிய உலோக இழையும் இருக்கும், உலோகம் கண்டறியும் கருவி பிடித்துவிடும். வீட்டிலிருந்து தோல்நிற பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வந்து உள்ளே போகாதீர்கள். சீருடையில் மேல்பை இல்லையே என்று குறைப்படவும் வேண்டாம். பேனா விழக்கூடாது என்பதற்காகவே பையை எடுத்துவிட்டிருப்பார்கள்.

5. அலுவலகம்: விதி மங்கலாக இருக்கும் இடம்

‘ஃபார்மல்’ என்றால் காலர் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை அல்லது அதற்கு இணையான உடை, தோல் காலணி. சில துறைகளில் டையும் கோட்டும் சேரும். ‘பிசினஸ் கேஷுவல்’ என்றால் டை, கோட் வேண்டாம். ஆனால் காலர் இருக்கட்டும். ‘கேஷுவல்’ என்ற சொல்தான் பலரையும் குழியில் தள்ளுவது. படுக்கையறையிலோ விளையாட்டு மைதானத்திலோ கடற்கரையிலோ போடுவதையெல்லாம் அது குறிக்காது. ஐயம் வந்தால் முதல் வாரம் ஒரு படி கூடுதலாகவே உடுத்துங்கள். டையை மதியம் கழற்றிப் பைக்குள் வைத்துவிடலாம். கொண்டுவராத டையை எங்கே தேடுவது?

முதல் வாரத்தில் யாரைப் பார்த்துக் கற்பது என்பதிலும் கவனம் தேவை. நிறுவனத்தின் தலைவர் டீ-ஷர்ட்டில் வரலாம். அவரை யார் கேட்பார்கள்? உங்கள் பதவிக்கு ஒரு படி மேலே, உங்களைப் போலவே வெளியாட்களைச் சந்திப்பவரைப் பாருங்கள்.

வாங்கிய துணியை முதல் நாளுக்கு முன்பே உடுத்திச் சோதியுங்கள். சட்டையை மாட்டிக்கொண்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள், வயிறு தெரிகிறதா? நாற்காலியில் உட்காருங்கள், பட்டன்களுக்கு இடையே வாய் பிளக்கிறதா? குனிந்து தரையில் கிடக்கும் பேனாவை எடுங்கள், முதுகுப்புறம் என்னாகிறது? கடைசியாக ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே நின்று, உள்ளே போட்டிருப்பது வெளியே தெரிகிறதா என்று வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கடைக் கண்ணாடி முன்னால் நாம் அசையாமல் நிற்கிறோம்; வேலையிடத்தில் அப்படி நிற்பதில்லை. காலணியையும் ஒரு மாலை முழுக்க வீட்டுக்குள் போட்டு நடந்து பழக்குங்கள்.

எண்ணிக்கை அதிகம் வேண்டாம். ஐந்து மேலுடை, ஒன்றுக்கொன்று பொருந்தும் நிறத்தில் இரண்டு மூன்று கீழுடை, இரண்டு ஜோடிக் காலணி போதும். வியர்வை உலர ஒரு நாள் வேண்டும் என்பதால்தான் காலணி இரண்டு. விலை உயர்ந்த கசங்கல் சட்டையைவிட இஸ்திரி போட்ட சாதாரணச் சட்டை நன்றாகத் தெரியும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

6. உடலும் மணமும்

குளியல், சுத்தமான உள்ளாடை, பல் துலக்கல் பற்றி வகுப்பெடுக்கத் தேவையில்லை. யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. தினமும் குளித்தும் உடையில் வாடை நிற்கிறது என்றால் குற்றவாளி பெரும்பாலும் துணிதான். பாலியஸ்டர் பருத்தியைவிட வியர்வை வாடையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துவைத்த சட்டையின் அக்குள் பகுதியை இஸ்திரி போட்ட சூட்டோடு முகர்ந்து பாருங்கள். வாடை மறையாமல் இருந்தால் அந்தச் சட்டைக்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

வாசனைத் திரவியத்தை அள்ளிக் கொட்டுவது இதற்கு மருந்தல்ல. பக்கத்து இருக்கைக்காரருக்கு ஆஸ்துமாவோ ஒற்றைத் தலைவலியோ இருந்தால் உங்கள் மணம் அவருக்கு நோய். சில பணியிடங்கள் வாசனைத் திரவியத்தையே தடை செய்திருக்கின்றன. கை நீட்டும் தூரத்தில் நிற்பவருக்கு மணம் தெரியக் கூடாது என்பதை அளவாக வைத்துக்கொள்ளலாம். புகைபிடிப்பவர்கள் அந்த வாடை சட்டையிலும் விரலிலும் நீண்ட நேரம் தங்கும் என்பதை மறக்க வேண்டாம்.

தலைமுடியின் நீளத்தைவிட அது முகத்தில் விழுகிறதா, உணவில் விழுகிறதா, இயந்திரத்தில் சிக்குமா என்பதே கேள்வி. தாடி வளர்க்க நினைத்தால் நீண்ட விடுப்பில் தொடங்குங்கள்; அரைகுறையாக முளைத்த வாரத்தில்தான் ‘சவரம் செய்யவில்லையா’ என்ற கேள்வி வரும்.

7. சீருடை என்றால் பண விஷயமும் உண்டு

சீருடைக்குச் சம்பளத்தில் பிடித்தம் உண்டா, முன்பணம் கேட்கிறார்களா, வேலையை விடும்போது திருப்பித் தர வேண்டுமா, கிழிந்தால் யார் செலவு என்பதை எழுத்தில் பெறுங்கள். அமெரிக்காவில் சீருடைச் செலவு ஊழியரின் ஊதியத்தைச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே இறக்கக் கூடாது. பிரிட்டனிலும் குறைந்தபட்சக் கூலியைக் கணக்கிடும்போது சீருடைப் பிடித்தத்தைக் கழித்தே பார்ப்பார்கள். உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று தொழிலாளர் துறையிலோ சங்கத்திலோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பாதுகாப்புக் கருவிகளை நிறுவனமே இலவசமாகத் தர வேண்டும் என்பது பல நாடுகளில் உள்ள விதி.

வாங்கிக்கொள்ளும்போது செட்டுகளை எண்ணி, அளவு பார்த்து, பிறகு கையெழுத்திடுங்கள். காலருக்கு உள்பக்கம் உங்கள் பெயரின் முதலெழுத்தை எழுதிவிடுங்கள். பொதுச் சலவையில் ஒரே மாதிரி நூறு சட்டைகள் இருக்கும். நிறுவனச் சின்னத்தோடு வெளியே போகும்போது நீங்கள் செய்வதெல்லாம் நிறுவனத்தின் கணக்கில் எழுதப்படும். அதனால் வேலை முடிந்ததும் மேலே ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்புவது பலருடைய வழக்கம். நல்ல வழக்கம்தான்.

8. விதி உங்களுக்குப் பொருந்தாவிட்டால்

கர்ப்பம், தோல் ஒவ்வாமை, கால் வலி, ஊனம், சமய நம்பிக்கை, வெப்பம் என்று எதுவும் காரணமாகலாம். முதலில் மீறிவிட்டுப் பிறகு விளக்கம் சொல்வது உங்கள் தரப்பைப் பலவீனமாக்கும். முன்கூட்டியே எழுதுங்கள். எழுதும்போது விதியின் காரணம் கெடாமல் ஒரு மாற்றையும் நீங்களே முன்வையுங்கள். இப்படி:

“பணியாளர் கையேட்டில் மூடிய கறுப்புத் தோல் காலணி கட்டாயம் என்று உள்ளது. வலது குதிகால் வலிக்காக மென்மையான அடிப்பகுதி கொண்ட காலணியையே அணியுமாறு மருத்துவர் அறிவுறுத்தியிருக்கிறார்; சான்றிதழை இணைத்துள்ளேன். முன்பக்கம் மூடிய, வழுக்காத அடிப்பகுதி கொண்ட கறுப்பு நடைக்காலணியை அணிய அனுமதி கோருகிறேன். படமும் இணைத்துள்ளேன். வரும் திங்கட்கிழமைக்குள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்.”

கறுப்பு நிறம், மூடிய முனை, வழுக்காத அடிப்பகுதி என்று விதி கேட்பதில் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டு, ஒன்றை மட்டும் மாற்றிக் கேட்கிறது இந்தக் கடிதம். மறுப்பதற்கு நிர்வாகம்தான் காரணம் தேட வேண்டியிருக்கும்.

நியாயமான கோரிக்கைகளுக்குச் சட்டத்தின் துணையும் பல இடங்களில் உண்டு. முக்காடு அணிந்து நேர்காணலுக்கு வந்த சமந்தா இலாஃப் என்ற இளம்பெண்ணை ‘தோற்றக் கொள்கை’யைக் காட்டி அபர்குரோம்பி அண்ட் ஃபிட்ச் துணிக்கடை நிராகரித்தது. 2015இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. லண்டனில் வரவேற்பாளர் வேலைக்குப் போன நிகோலா தார்ப், உயர்குதிகால் காலணி போட மறுத்ததற்காக 2015இல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அவர் தொடங்கிய மனுவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட, நாடாளுமன்றம் வரை போனது விவகாரம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2017இல் உயர்குதிகாலைக் கட்டாயமாக்குவதையே தடை செய்தது. சுருள்முடிக்கும் சடைப்பின்னலுக்கும் எதிரான பாகுபாட்டை 2019இல் கலிஃபோர்னியா சட்டம் போட்டுத் தடுத்தது. வெப்பத்தைப் பொறுத்தவரை ஜப்பானிய அரசு 2005 கோடையிலேயே, குளிர்சாதனத்தை 28 டிகிரியில் வைத்து, டையும் கோட்டும் இல்லாமல் வேலைக்கு வரச் சொல்லிவிட்டது.

9. யாராவது குறை சொன்னால்

உடை பற்றிய கண்டிப்பு யாருக்கும் சுருக்கென்று தைக்கும். அந்த இடத்திலேயே வாதாடாதீர்கள். “எந்த விதிப்படி என்று சொல்லுங்கள், சரிசெய்துகொள்கிறேன்” என்று கேளுங்கள். குரல் உயர வேண்டாம். பாதுகாப்பு விதியென்றால் உடனே கழற்றுங்கள் அல்லது மாட்டுங்கள். தோற்றம் பற்றியது என்றால், அன்றைய தினமே மின்னஞ்சலில் “இன்று இவ்வாறு சொன்னீர்கள், இப்படிப் புரிந்துகொண்டேன்” என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். அதே உடையில் வந்த இன்னொருவரை விட்டுவிட்டு உங்களை மட்டும் தொடர்ந்து சொல்கிறார்கள் என்று தோன்றினால், நாளும் நேரமும் சொன்ன சொற்களும் குறித்து வையுங்கள். உடலமைப்பையோ நிறத்தையோ பற்றி வரும் பேச்சு உடை விதியில் அடங்காது. அதை மனிதவளத் துறையிடமோ குறைதீர்க் குழுவிடமோ எழுத்து மூலம் கொண்டுபோங்கள். அந்தக் குறிப்புகளின் ஒரு நகல் அலுவலகக் கணினியில் அல்லாமல் உங்கள் வீட்டில் இருக்கட்டும்.